தானாக அழியும் மெசேஜ்: எதில் அனுப்பலாம், எதில் வேண்டாம்?

ஒருவருக்குப் பாஸ்வேர்டோ, அடையாள அட்டையின் படமோ, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோ அனுப்பிவிட்டு, இது அவருடைய போனில் மூன்று வருஷம் கழித்தும் கிடக்குமே என்று யோசித்திருப்பீர்கள். அதற்குத்தான் தானாக அழியும் மெசேஜ். இப்போது பெரும்பாலான மெசேஜ் ஆப்களில் ஏதோ ஒரு பெயரில் இந்த வசதி இருக்கிறது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் வேலையும் ஒரே மாதிரி என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்றில் படித்த நிமிடத்திலிருந்து டைமர் ஓடும், இன்னொன்றில் அனுப்பிய நிமிடத்திலிருந்தே ஓடும், வேறொன்றில் எதிராளிக்கு அழிந்துபோகும், உங்கள் பெட்டியில் மட்டும் முழுசாக உட்கார்ந்திருக்கும்.

எந்த ஆப் என்று கேட்பதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. அந்த மெசேஜ் யார் கண்ணில் படக்கூடாது? பெறுபவர் அதை வைத்துக்கொள்ளக்கூடாது என்கிறீர்களா? நாளைக்கு அந்தப் போன் தொலைந்தாலோ விற்கப்பட்டாலோ யாராவது எடுத்து நோண்டினாலோ அது கிடைக்கக்கூடாது என்கிறீர்களா? நடுவில் இருக்கும் கம்பெனி படிக்கக்கூடாது என்கிறீர்களா? மூன்றும் வேறு வேறு கவலை, மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

முதல் கவலைக்கு மருந்தே கிடையாது. பெறுபவரை நம்ப முடியவில்லை என்றால் அனுப்பாமல் இருப்பதுதான் வழி. ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்கும் ஆப் உண்டு, பக்கத்தில் இன்னொரு போனை வைத்துத் திரையைப் படமெடுப்பதைத் தடுக்கும் ஆப்பை யாரும் எழுதவில்லை, எழுதவும் முடியாது.

இதற்கு ஸ்னாப்சாட் பட்ட பாடே சாட்சி. 2011-ல் வந்த அந்த ஆப்பின் பெருமையே அனுப்பிய படம் சில விநாடிகளில் மறைந்துவிடும் என்பதுதான். 2014-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், இப்படிச் சொல்லி மக்களை ஏமாற்றியிருக்கிறீர்கள் என்று கம்பெனி மீது குற்றம் சாட்டியது. வேறு ஆட்கள் எழுதிய ஆப்களை வைத்து வந்த படங்களைச் சேமிக்க முடிந்தது, வீடியோக்கள் போனில் பூட்டில்லாத இடத்தில் கிடந்தன, போனைக் கம்ப்யூட்டரில் சொருகினால் எடுத்துவிடலாம் என்பதெல்லாம் அதில் வந்தது. கம்பெனி சமரசத்துக்குப் போனது. அதே வருஷம் அக்டோபரில், இப்படிச் சேமித்துத் தருகிற ஒரு மூன்றாம் தரப்புத் தளத்திலிருந்து ஏராளமான படங்கள் கசிந்து இணையமெங்கும் பரவின. ஸ்னாப்சாட்டின் சர்வருக்குள் யாரும் நுழையவில்லை, பெற்றவர்கள் தாங்களாகவே அந்தத் தளத்தைப் பயன்படுத்தியதால் அங்கே சேர்ந்த படங்கள் அவை.

அப்படியானால் இந்த வசதியால் யாருக்கு லாபம்? இரண்டு பேரும் ஒருவரையொருவர் நம்புகிறார்கள், இரண்டு பேருக்குமே பழைய பேச்சு குவிந்து கிடப்பதில் விருப்பமில்லை, ஆனால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. இந்த நிலையில் தானாக அழியும் மெசேஜ் அருமையான ஏற்பாடு. போன் தொலைந்தால் அதில் ஐந்து வருஷப் பேச்சு இருக்காது, கடைசி ஒரு வாரத்துப் பேச்சுதான் இருக்கும். இந்த எதிர்பார்ப்போடு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வாட்ஸ்அப்பா, சிக்னலா

பெரும்பாலானவர்களுக்கு உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே.

இரண்டிலும் மெசேஜின் உள்ளடக்கம் முழுக்க மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் போகிறது. அனுப்பும் போனில் பூட்டப்பட்டுப் பெறும் போனில்தான் திறக்கும், நடுவில் கம்பெனியால் படிக்க முடியாது. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் இதை எல்லோருக்கும் கொண்டுவந்தபோது பயன்படுத்திய நுட்பமே சிக்னல்காரர்கள் உருவாக்கியதுதான். அதனால் பூட்டு விஷயத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. வித்தியாசம் மற்ற இடங்களில் இருக்கிறது.

முதல் வித்தியாசம் டைமர். சிக்னல் 2016-லேயே மறையும் மெசேஜைக் கொண்டுவந்துவிட்டது. சில விநாடிகளில் தொடங்கி 4 வாரம் வரை நீங்களே நேரம் வைக்கலாம். வாட்ஸ்அப்பில் இது 2020 நவம்பரில் வந்தது, முதலில் 7 நாள் மட்டும், அடுத்த வருஷம் 24 மணி நேரமும் 90 நாளும் சேர்ந்தன. ஐந்து நிமிஷத்தில் அழிய வேண்டிய விஷயத்துக்கு 24 மணி நேரம் என்பது ரொம்ப அதிகம், அந்த இடத்தில் சிக்னல்தான்.

இரண்டாவது, அந்த டைமர் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பது. புதிதாக வருகிறவர்கள் அநேகமாகக் கவனிக்காத இடம் இது. வாட்ஸ்அப்பின் மறையும் மெசேஜ் வழக்கமாக அனுப்பிய நேரத்திலிருந்து எண்ணுகிறது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு 24 மணி நேர டைமரோடு அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். அவர் செவ்வாய் காலை எட்டு ஐம்பதுக்குத்தான் திறக்கிறார் என்றால் அவருக்குப் பத்து நிமிஷம்தான் மிச்சம். திறக்கவே இல்லை என்றால் படிக்காமலேயே போய்விடும். சிக்னலில் அனுப்பியவரின் போனில் அனுப்பியதும் எண்ணத் தொடங்கும், பெற்றவரின் போனில் அவர் படித்த பிறகுதான் தொடங்கும். ஐந்து நிமிஷ டைமர் வைத்து அனுப்பினால் ஐந்தாவது நிமிஷம் உங்கள் திரையிலிருந்து அது காணாமல் போய்விடும், ஆனால் அவர் இரண்டு நாள் கழித்துப் போனைத் திறக்கும்போது அங்கே அது புத்தம் புதிதாகக் காத்துக்கொண்டிருக்கும். உங்கள் பக்கம் மறைந்ததைப் பார்த்து வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்துவிடக்கூடாது.

எது மேல்? பெறுபவர் கட்டாயம் படிக்க வேண்டிய விஷயம் என்றால் சிக்னல் முறை நல்லது. படித்தாலும் படிக்காவிட்டாலும் நாளைக்கு இந்த நேரத்துக்கு எங்கேயும் இருக்கக்கூடாது என்றால் வாட்ஸ்அப் முறை வசதி.

மூன்றாவது, பேக்கப். உரையாடலை கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ எடுத்து வைக்கும் பழக்கம் வாட்ஸ்அப்பில் பலருக்கு இருக்கிறது. அழியும் முன்பே பேக்கப் ஓடிவிட்டால் மெசேஜ் அந்தப் பேக்கப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிற்பாடு பேக்கப்பைத் திரும்ப ஏற்றும்போது ஆப் அதை நீக்கிவிடும் என்பது உண்மைதான், ஆனால் அதுவரை பேக்கப் கோப்புக்குள் அது இருக்கிறது. 2021-லிருந்து பேக்கப்பையும் தனி பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிக்கொள்ளலாம், ஆனால் அதை நீங்கள்தான் செட்டிங்ஸில் போய் இயக்க வேண்டும். நீங்கள் இயக்கி, எதிராளி இயக்காவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

நான்காவது, அழிவதிலிருந்து தப்பிக்கும் வழிகள். வாட்ஸ்அப்பில் மறையும் மெசேஜை, டைமர் இல்லாத வேறொரு உரையாடலுக்கு ஃபார்வர்டு செய்தால் அங்கே அது நிரந்தரம். அதைச் சுட்டி யாராவது பதில் எழுதியிருந்தால், மேலே மேற்கோளாகத் தெரியும் அந்த எழுத்து மூல மெசேஜ் போன பிறகும் சில சமயம் நிற்கும். படங்கள் தானாகப் போனில் சேமிக்கப்படும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், உரையாடலிலிருந்து படம் போகும், கேலரியில் போகாது. குறிப்பிட்ட மெசேஜை அழியாமல் வைத்துக்கொள்ளவும் 2023-ல் ஒரு வசதி வந்தது. அதில் அனுப்பியவருக்கு 'வேண்டாம்' என்று மறுக்கும் உரிமை கொடுத்திருப்பது நியாயமான ஏற்பாடு.

ஐந்தாவது, மெசேஜுக்கு வெளியே சேரும் தகவல். யார் யாரோடு, எப்போது, எத்தனை தடவை பேசினார்கள் என்பது மெசேஜ் அழிந்தாலும் அழிவதில்லை. சிக்னல் இதை முடிந்தவரை சேர்ப்பதே இல்லை. 2016-ல் அமெரிக்காவில் ஒரு விசாரணைக்காகச் சம்மன் அனுப்பி ஒரு கணக்கின் விவரம் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாகச் சர்வரோடு இணைந்த நாள், இந்த இரண்டை மட்டும்தான் அவர்களால் கொடுக்க முடிந்தது. வாட்ஸ்அப்பின் நிலை அப்படியில்லை, அது மெட்டா என்ற பெரிய விளம்பரக் கம்பெனியின் கையில் இருக்கிறது. சாதாரண ஆளுக்கு இதனால் என்ன என்று கேட்டால், பெரும்பாலும் ஒன்றுமில்லை. பத்திரிகையாளர், வழக்கறிஞர், ஏதாவது முறைகேட்டை வெளியே சொல்லப் போகிறவர் என்றால் நிறைய இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு எனக்குச் சிக்னல்தான் பிடிக்கும். ஆனால் எதிராளியிடம் அது இல்லையென்றால், ஒரே ஒரு மெசேஜுக்காக அவரை இன்ஸ்டால் செய்யவைப்பதைவிட வாட்ஸ்அப்பில் டைமர் போடுவது எளிது. சிக்னலில் கணக்கு தொடங்கவும் போன் நம்பர் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். 2024-லிருந்து யூசர்நேம் வைத்துக்கொண்டு, நம்பரைக் காட்டாமல் பேசலாம், அதுவே முன்னைக்கு எவ்வளவோ பரவாயில்லை.

ஒரு சின்ன விஷயம், இரண்டுக்கும் பொது. டைமரை இயக்கினால் அதற்குப் பிறகு அனுப்புவதுதான் அழியும். ஏற்கெனவே கிடக்கிற பேச்சு அப்படியே கிடக்கும், அதை நீங்கள் கையால்தான் நீக்க வேண்டும். இரண்டு ஆப்பிலும், புதிதாகத் தொடங்கும் எல்லா உரையாடலுக்கும் இந்த டைமர் தானாகவே பொருந்தும்படி செட்டிங்ஸில் ஒரு தடவை வைத்துவிடலாம். ஆரம்பிப்பவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை இது. முக்கியமான மெசேஜ் வரும்போது நினைவாக இயக்குவோம் என்றால் அந்த நேரத்தில் ஞாபகம் வராது.

ஒருமுறை மட்டும் பார்க்கும் படம்

வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் அனுப்பும்போது எழுதும் பெட்டி ஓரத்தில் வட்டத்துக்குள் ஒரு '1' தெரியும். அதைத் தொட்டு அனுப்பினால் பெறுபவர் ஒரே ஒரு தடவை திறக்கலாம், அப்புறம் கிடையாது. 2021-ல் வந்தது, 2023 கடைசியில் வாய்ஸ் மெசேஜுக்கும் சேர்த்தார்கள். 14 நாளுக்குள் திறக்காவிட்டால் காலாவதி ஆகிவிடும். சிக்னலிலும் இதே மாதிரி படத்துக்கும் வீடியோவுக்கும் உண்டு.

அடையாள அட்டைப் படம் அனுப்ப இது டைமரைவிட நல்லது என்று தோன்றும். எனக்கு அதில் அரை மனதுதான். பெறுபவருக்கு அந்த அட்டையிலிருந்து நம்பரைப் பார்த்து எங்கேயோ எழுத வேண்டியிருக்கும், ஒரு தடவை திறந்து மூடினால் போச்சு, திரும்ப அனுப்பச் சொல்லுவார், இல்லையென்றால் வேறொரு போனில் படமெடுத்து வைத்துக்கொள்வார், அது இன்னும் மோசம். அதற்கு 24 மணி நேர டைமரே போதும். சும்மா காட்டிவிட்டுப் போகிற படம் என்றால் ஒருமுறை வசதி சரி. வாட்ஸ்அப் போன் ஆப்பில் இதற்கு ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்கிறது, ஆனால் 2024-ல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பிரவுசர் வழியே இந்தக் கட்டுப்பாட்டைத் தாண்டிப் படத்தைச் சேமிக்க முடிகிறது என்று காட்டினார்கள். முன்னே சொன்ன அதே கதைதான்.

டெலிகிராம்: பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

டெலிகிராம் ரகசியமான ஆப் என்ற பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. அதில் நீங்கள் சாதாரணமாகத் திறக்கும் உரையாடல் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டதல்ல. மெசேஜ் அவர்களுடைய சர்வரில் இருக்கும், திறக்கும் வழியும் அவர்களிடமே இருக்கும். புதுப் போனில் நுழைந்தவுடன் பழைய பேச்செல்லாம் தானாக வந்து நிற்கிறதே, அதற்குக் காரணம் இதுதான். சௌகரியம்தான், ஆனால் நாம் தேடுவது அந்தச் சௌகரியம் இல்லை. குழுக்கள் எல்லாமே இந்த வகை.

'ரகசிய உரையாடல்' என்று தனியாக ஒன்று உண்டு, எதிராளியின் புரொஃபைலைத் திறந்து மெனுவில் தேடி எடுக்க வேண்டும். அதில் மட்டும்தான் இரண்டு போனுக்கு இடையில் பூட்டு. 1 விநாடியிலிருந்து 1 வாரம் வரை டைமர் வைக்கலாம், பெறுபவர் பார்த்த பிறகு எண்ணும், ஃபார்வர்டு செய்ய முடியாது. தொடங்கிய போனிலேயே அது இருக்கும், வேறு கருவியில் தெரியாது. வசதி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆரம்பிப்பவர் ஒவ்வொரு தடவையும் சரியான உரையாடலைத்தான் திறந்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது, ஒரே ஆளோடு இரண்டு உரையாடல் இருக்கும்போது கை தவறிச் சாதாரணமானதில் போட்டுவிட ரொம்ப நேரம் ஆகாது. சாதாரண உரையாடலுக்கும் தானாக அழியும் அமைப்பு 2021-ல் வந்தது, அது சர்வரில் இருந்த பேச்சை அப்புறப்படுத்துமே தவிர, இருந்த காலத்தில் பூட்டி வைக்காது.

டெலிகிராமில் ஒன்று மட்டும் மற்ற இரண்டையும்விட நன்றாக இருக்கிறது. இருவர் பேச்சில் எவ்வளவு பழைய மெசேஜையும் இரண்டு பக்கத்திலிருந்தும் அழித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் 'எல்லோருக்கும் நீக்கு' என்பதற்கு இரண்டு நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் அவகாசம், நீக்கிய இடத்தில் நீக்கப்பட்டது என்ற அடையாளமும் நிற்கும்.

ஈமெயில் வேண்டுமென்றால்

ஜிமெயிலில் 'கான்ஃபிடென்ஷியல் மோட்' 2018-ல் வந்தது. பூட்டும் கடிகாரமும் சேர்ந்த ஒரு சின்னப் படம், அதை அழுத்தினால் ஒரு நாளிலிருந்து ஐந்து வருஷம் வரை கெடு வைக்கலாம், எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீட்டைப் போட்டால்தான் திறக்கும்படியும் வைக்கலாம், நடுவிலேயே அனுமதியை ரத்து செய்யலாம், பெறுபவர் ஃபார்வர்டோ பிரிண்ட்டோ செய்ய முடியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூகுளால் அந்த மெயிலைப் படிக்க முடியும், கெடு முடிந்த பிறகும் உங்கள் 'அனுப்பியவை' பெட்டியில் அது அப்படியே இருக்கும், ஸ்கிரீன்ஷாட்டுக்கும் தடையில்லை. எஸ்எம்எஸ் குறியீடு கேட்டால் பெறுபவருடைய போன் நம்பரை நீங்கள் கூகுளுக்குக் கொடுக்கிறீர்கள், அவரைக் கேட்காமலே. அலுவலகத்தில் ஒருவர் தவறிப்போய் வேறு ஆளுக்கு ஃபார்வர்டு செய்துவிடக்கூடாது என்ற அளவுக்கு இது உதவும், ரகசியம் என்ற சொல்லுக்கு இது தாங்காது.

புரோட்டான் மெயில் இதைவிட ஒழுங்கு. அந்தக் கணக்கு இல்லாதவருக்கும் பாஸ்வேர்டு போட்ட மெயில் அனுப்பலாம், அவருக்கு ஒரு லிங்க் போகும், பாஸ்வேர்டு கொடுத்தால் திறக்கும், கெடு முடிந்ததும் போய்விடும். ஈமெயிலில்தான் அனுப்பியாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் இதை எடுங்கள், கட்டாயம் இல்லையென்றால் ஈமெயிலை விட்டுவிடுங்கள்.

ஒருமுறை திறக்கும் லிங்க்

எதிராளியும் நீங்களும் ஒரே ஆப்பில் இல்லை, ஒரே ஒரு பாஸ்வேர்டு மட்டும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வேலைக்கு மேலே சொன்ன எதையும்விட ஒருமுறை லிங்க் பொருத்தம். ஒரு தளத்தில் எழுதுகிறீர்கள், அது ஒரு லிங்க் கொடுக்கும், அதை அனுப்புகிறீர்கள், முதல் தடவை திறந்ததும் குறிப்பு அழிந்துவிடும். பிரைவ்நோட், ஒன்டைம்சீக்ரெட், பிரைவேட்பின் எல்லாம் இந்த வகை. பாஸ்வேர்டு மேனேஜர் வைத்திருப்பவர்களுக்கு பிட்வார்டனில் 'சென்ட்' என்ற பெயரில் இதே வசதி இருக்கிறது.

இதில் பிரைவேட்பின், பிட்வார்டன் போன்றவற்றின் வேலை முறை தெரிந்துகொள்ளத் தகுந்தது. எழுதியதை உங்கள் பிரவுசரே பூட்டிவிட்டுத்தான் சர்வருக்கு அனுப்புகிறது. திறக்கும் சாவி லிங்க்கின் கடைசியில், ஹேஷ் (#) குறிக்குப் பின்னால் இருக்கும் நீளமான எழுத்துச் சரம். ஹேஷ் குறிக்குப் பின்னால் இருப்பதைப் பிரவுசர் ஒருபோதும் சர்வருக்கு அனுப்பாது, இணையம் வேலை செய்யும் முறையே அப்படி. அதனால் தளம் நடத்துகிறவரின் சர்வரில் பூட்டிய குப்பைதான் இருக்கும். இதன் மறுபக்கம், அந்த லிங்க் முழுசாக யார் கையில் கிடைத்தாலும் அவர் திறந்துவிடலாம். ஆகவே குறிப்புக்கு ஒரு பாஸ்வேர்டும் சேர்த்துப் போட்டு, லிங்க்கை ஈமெயிலிலும் பாஸ்வேர்டைப் போனில் வாயாலும் சொல்லுங்கள். பெட்டி ஒருவர் கையிலும் சாவி இன்னொருவர் கையிலும் கொடுத்தனுப்புகிற பழைய உத்திதான்.

ஒருமுறை லிங்க்கில் மற்ற எதிலும் இல்லாத ஒரு நன்மை உண்டு. நடுவில் யாராவது திறந்து பார்த்துவிட்டால் உரியவர் திறக்கும்போது 'இந்தக் குறிப்பு இல்லை' என்று வரும். அப்போதே தெரிந்துவிடும், உடனே அந்தப் பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். ஆனால் அப்படி வந்தவுடன் திருடன் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. சில மெசேஜ் ஆப்கள் லிங்க்குக்கு முன்னோட்டம் காட்டுவதற்காகத் தாங்களே அதைத் திறந்து பார்க்கும், அலுவலக மெயிலில் வரும் லிங்க்குகளைப் பாதுகாப்பு மென்பொருள் திறந்து சோதிக்கும், அதில் குறிப்பு செலவாகியிருக்கலாம். நல்ல தளங்கள் இதற்காகவே நேராகக் காட்டாமல் 'காட்டு' என்று ஒரு பட்டனை நடுவில் வைக்கின்றன. தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு ஆபத்து போலித் தளங்கள். பிரைவ்நோட் பெயரோடு ஒரே ஒரு எழுத்து கூட்டி ஒரு போலித் தளம் இருந்ததை 2020-ல் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் வெளிக்கொண்டுவந்தார். குறிப்புக்குள் யாராவது பிட்காயின் முகவரி எழுதினால், படிக்கிறவருக்கு அது வேறு முகவரியாக மாறித் தெரியும், பணம் திருடனுக்குப் போகும். தேடுபொறியில் பெயரை அடித்து மேலே வரும் விளம்பரத்தைத் தொடுவது இந்த விஷயத்தில் கூடவே கூடாது. முகவரியை நீங்களே அடித்து, ஒரு தடவை சரிபார்த்து, புக்மார்க் செய்துவிடுங்கள். சும்மா நல்ல சேவை என்பதாலும் நிலைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் சென்ட் 2019 மார்ச்சில் தொடங்கியது, பெரிய கோப்புகளைக்கூடப் பூட்டி அனுப்பலாம், வைரஸ் பரப்புகிறவர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கியதும் அடுத்த வருஷமே மூடிவிட்டார்கள்.

குழுவில் போடுவதாக இருந்தால்

குழுவில் டைமர் வைப்பது பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆள் கூடக் கூட ஸ்கிரீன்ஷாட் எடுக்கக்கூடியவர்களும் கூடுகிறார்கள். 2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் மிக மூத்த அதிகாரிகள் ராணுவத் தாக்குதல் பற்றி சிக்னல் குழுவில் பேசிக்கொண்டார்கள், மறையும் டைமரும் வைத்திருந்தார்கள், ஆனால் தவறிப்போய் 'தி அட்லாண்டிக்' பத்திரிகையின் ஆசிரியரையும் அந்தக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். அவர் எழுதியதும் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. பூட்டு உடையவில்லை, டைமரும் பழுதாகவில்லை, உள்ளே இருந்த ஆள்தான் தப்பு. அரசுப் பதிவுகளைக் காப்பாற்றி வைக்க வேண்டியவர்கள் அழியும் மெசேஜில் பேசலாமா என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. உங்களுக்கும் அது பொருந்தும் இடங்கள் உண்டு: நடந்துகொண்டிருக்கும் வழக்கு, வேலை சம்பந்தமான உத்தரவு, பணம் கொடுக்கல் வாங்கல் பற்றிய பேச்சு. இவற்றுக்கு டைமர் வைக்காதீர்கள், பின்னால் ஆதாரம் வேண்டியிருக்கும்.

அதேபோல, முன்பின் தெரியாத ஒருவர் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே 'அழியும் மெசேஜுக்கு வா' என்று அழைத்தால் அவர் ஆதாரத்தை விட்டுவைக்க விரும்பவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மிரட்டலோ அசிங்கமோ அப்படி வந்தால், அழிவதற்கு முன் இன்னொரு போனில் திரையைப் படமெடுத்து வையுங்கள். பெறுபவர் நினைத்தால் எதையும் காப்பாற்றலாம் என்ற குறை இங்கே உங்களுக்குத் துணை.

அப்படியானால் எதை எடுப்பது

தினமும் பேசுகிறவரோடு, இரண்டு பேரிடமும் வாட்ஸ்அப் மட்டும் இருக்கிறது என்றால் அதிலேயே 7 நாள் டைமரை நிரந்தரமாக வைத்துவிடுங்கள், முக்கியமான ஒன்றை அனுப்பும் நாளில் 24 மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பேசும் விஷயமே கொஞ்சம் கனமானது, அல்லது கம்பெனி எதையும் சேர்க்கக்கூடாது என்றால் சிக்னல், நேரத்தை உங்கள் இஷ்டத்துக்கு வைக்கலாம். பாஸ்வேர்டு, பின் நம்பர் மாதிரி ஒற்றை விஷயத்துக்கு ஒருமுறை லிங்க், கூடவே வேறு வழியில் சொல்லும் பாஸ்வேர்டு. டெலிகிராமில்தான் இருப்பேன் என்றால் ரகசிய உரையாடல் மட்டும். ஜிமெயிலின் வசதியை இதற்காகத் தேட வேண்டாம்.

எதை எடுத்தாலும் உண்மையான விஷயத்தை அனுப்பும் முன் ஒன்றுமில்லாத ஒரு வரியைச் சின்ன டைமரோடு அனுப்பி, நம்பகமான ஒருவரின் போனைக் கையில் வாங்கிப் பாருங்கள். உரையாடலில் போய்விட்டதா என்று பார்ப்பது எளிது, மற்ற இடங்களைப் பாருங்கள். பூட்டிய திரையில் நோட்டிஃபிகேஷனாக அந்த வரி முழுசாகத் தெரிந்ததா? சிக்னலில் பெயர் மட்டும், அல்லது எதுவுமே காட்டாதே என்று வைக்கலாம், வாட்ஸ்அப்பிலும் முன்னோட்டத்தை நிறுத்த வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு 11-லிருந்து செட்டிங்ஸில் 'நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி' என்று ஒன்று இருக்கிறது. அது இயக்கத்தில் இருந்தால், ஆப்பில் அழிந்துபோன அந்த வரி கடைசி 24 மணி நேரத்துப் பட்டியலில் எழுத்து மாறாமல் அங்கே கிடக்கும். கம்ப்யூட்டரிலும் அதே கணக்கு திறந்திருந்தால் அங்கேயும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரியை அணைப்பதும் முன்னோட்டத்தை மறைப்பதும் பெறுபவருடைய போனில் செய்ய வேண்டிய வேலை, அதனால் அவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.